மத்தியானம் தின்ற காடை

கடைவாய்ப் பல்லிடுக்கில் மாட்டியிருந்த கறித்துணுக்கை நாக்கு விடுவதாயில்லை. போய்ப் போய் நெண்டியது, தோற்றுத் திரும்பியது, கொஞ்ச நேரம் சும்மா கிடந்துவிட்டு மறுபடியும் போனது. அந்த நாக்கைப் பிடித்து இழுத்து முடிச்சுப் போட்டுவிட்டால் தேவலை என்று இருந்தது தையல்நாயகிக்கு. உப்பளத்தைத் தாண்டி, சேற்றுவெளியைப் பார்த்தாற்போல் நீண்டு கிடக்கிற மண்கரை மேல் தார்ப்பாய் விரித்து எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். தை மாதத்து வெயில் முதுகில் இதமாகத்தான் விழுந்தது. கடலிலிருந்து வந்த காற்றுதான் சரியில்லை. அழுகின முட்டையை உப்புத் தண்ணீரில் கரைத்து வைத்தாற்போல ஒரு வாடை. வருஷா வருஷம் அடிக்கிற வாடைதான், வந்து உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் மூக்குக்குப் பழகிப்போகும். இன்றைக்குப் பழகவில்லை. "அக்கா, பல்லுல ஏதாச்சும் மாட்டிக்கிச்சா?" என்று பக்கத்திலிருந்த அருள்மொழி கேட்டார். பல் டாக்டர். பறவை பார்க்க வந்த இடத்திலும் மனுஷர் அடுத்தவர் வாயைத்தான் பார்ப்பார். "ஒண்ணுமில்லைங்க தம்பி." "குச்சி வச்சிருக்கேன், தரவா?" "வேணாம், வேணாம்." குச்சியால் குத்தினால் அது வெளியே வந்துவிடும், குச்சியின் முனையில் வந்து உட்கார்ந்துகொள்ளும், அதை அவள் பார்த்தாக வேண்டும். உள்ளேயும் இருக்கக் கூடாது, வெளியேயும் வரக் கூடாது. அப்படியே இல்லாமல் போய்விட வேண்டும். மத்தியானமே இல்லாமல் போய்விட்டால் ரொம்ப நல்லது.

ஆனால் மத்தியானம் இருந்தது. சரணாலயத்துக்குத் திரும்புகிற ரோட்டில் அஞ்சம்மாள் என்கிறவள் நடத்துகிற கீற்றுக்கொட்டகைக் கடை இருந்தது. மற்ற வருஷங்களில் வேதாரண்யத்திலிருந்தே புளிச்சோறு கட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள். இந்த வருஷம்தான் எல்லாருக்கும் சுடச்சுடச் சாப்பிட வேண்டும் என்று ஆசை வந்து, காடை வறுவல் நல்லா இருக்குமாம், வாத்தியார் சார் விசாரித்து வைத்திருக்கிறார் என்று போய் உட்கார்ந்தார்கள். வாத்தியார் சார் என்பது அவள் வீட்டுக்காரர் பக்கிரிசாமி. மாயவரத்தில் டிரில் வாத்தியாராக இருந்து ஓய்வானவர், இந்தப் பறவைக் குழுவையே ஆரம்பித்தவர். மிளகும் பூண்டும் தட்டிப்போட்டு, முறுகலாக, கறுத்து, குட்டிக் குட்டியாக வந்தது. சாப்பிட்டு முடித்து ஒதுங்குகிற இடம் எங்கே என்று தையல் கேட்டாள். கொல்லையில தண்ணி டிரம்முக்குப் பின்னால போங்கம்மா என்றாள் அஞ்சம்மாள். டிரம்முக்குப் பின்னால் வாழைமரத்தடியில் ஒரு பிளாஸ்டிக் கூடை. அதில் பவழமல்லி கொட்டிக் கிடந்தது. முதலில் பூ என்றேதான் நினைத்தாள். காம்புகள் நீட்ட நீட்டமாய், செம்மஞ்சளாய், ஈரமாய். காக்கை ஒன்று வந்து ஒரு காம்பைக் கொத்தித் தூக்கியபோது காம்பின் நுனியில் விரல்கள் இருந்தன. அதற்கப்புறம்தான் மற்றதெல்லாம் கண்ணில் விழுந்தது. கால்களுக்கு அடியில் தலைகள். ஒவ்வொரு தலையிலும் ஊசி மாதிரி நீண்ட அலகு. காடைக்கு ஏது அலகு? கோழிக்குஞ்சுக்கு இருப்பதுபோல ஒரு குட்டி மூக்கு இருக்கும், அவ்வளவுதான். இது சேற்றில் குத்தித் தின்கிற அலகு. இதே சேற்றில், இதே கரையிலிருந்து, ஏழெட்டு வருஷமாக அவள் பார்த்துப் பார்த்து ரசித்த அலகு. பவளக்கால் உள்ளான். அவர்தான் பேர் சொல்லிக்கொடுத்தார்.

ஒதுங்க வந்தவள் ஒதுங்காமலே திரும்பினாள். முன்னால் எல்லாரும் கைகழுவிக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர் சமையல்கட்டுப் பக்கம் கழுத்தை நீட்டி, "ராத்திரிக்கும் இதே மாதிரியே செஞ்சிடு, எல்லாருக்கும் புடிச்சுப்போச்சு" என்று அஞ்சம்மாளிடம் சொல்லிக்கொண்டிருந்தார். தையல் வேனில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். அப்போதே சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தால் வார்த்தைக்கு முன்னால் வேறென்னவோ வந்துவிடும் போலிருந்தது. வேன் குலுங்கக் குலுங்க வயிற்றுக்குள் அதுகளும் குலுங்கின. எத்தனை தின்றோம்? எண்ணக் கூடாது. எண்ணினால் ஒவ்வொன்றுக்கும் ஒரு தலை வந்து ஒட்டிக்கொள்ளும்.

அருவருப்பில் பெரிய அருவருப்பு எது என்றால், ருசியாக இருந்தது. அதை யாரிடம் போய்ச் சொல்வது? கறி சரியில்லை, நாறியது, துப்பினேன் என்றிருந்தால் மனசுக்கு எவ்வளவு சவுகரியம். அவளோ எலும்பைக் கடித்து உறிஞ்சினாள். "இன்னொரு தட்டு கொண்டு வாம்மா" என்று கேட்டது அவள் வாய்தான். கேட்டுவிட்டு, புதுசாகச் சேர்ந்திருக்கிற சுபத்ராவைப் பார்த்து, பேங்கில் வேலை பார்க்கிற பெண், "கூச்சப்படாம சாப்பிடும்மா, இந்த எலும்புலதான் சாரமே இருக்கு" என்று உபசாரம் வேறு. சாரம்! காலையில் இதே கரையில் நின்று அவர் சொன்னார்: இமயமலைக்கு அந்தாண்டையிலிருந்து வருது பாருங்க, உள்ளங்கையில அடங்குற உசுரு, மலையைத் தாண்டி, ஊரு ஊராத் தாண்டி, நம்மளை நம்பி வருது. நம்மளை நம்பி என்பதை ஒருதரத்துக்கு இரண்டுதரம் சொன்னார். சுபத்ராவுக்குக் கண் கலங்கிவிட்டது. மலையையும் ஊர்களையும் தாண்டி வந்ததை மிளகுத்தூள் போட்டு அவள் விழுங்கியிருக்கிறாள். விரலை முகர்ந்து பார்த்தாள். சோப்புப் போட்டுக் கழுவியும் பூண்டு வாசம் போகவில்லை. முந்தானையில் துடைத்தாள். இனி முந்தானையிலும் இருக்கும்.

"அய்யோ என்ன அழகு, என்ன அழகு!" என்று சுபத்ரா கிசுகிசுத்தாள். பூநாரைகள். தூரத்தில் தண்ணீருக்கு மேல் வெளிறின ரோஜா நிறத்தில் ஒரு கோடு தெரிந்தது, அது மெள்ள நெளிந்தது. எல்லாரும் பைனாகுலரைத் தூக்கினார்கள். என்ன அழகு என்றார்கள். ஒருவர் ஏப்பம் விட்டுவிட்டு என்ன அழகு என்றார். பூண்டு ஏப்பம். அழகு என்கிற வார்த்தைக்கு முன்னால் ஒரு தரமும் பின்னால் ஒரு தரமும் ஏப்பம் வந்தது. சேற்றுநிறத்தில் சட்டை, சேற்றுநிறத்தில் தொப்பி, பறவை பயப்படக் கூடாதாம். வெயிலுக்குப் பூசின கிரீம் காதோரத்தில் வெள்ளையாகத் திரண்டிருந்தது. வயிற்றில் அதுகள், கண்ணில் இதுகள். ஒரே சேற்றுக்கு வந்ததில் பாதியைப் பார்த்துக்கொண்டு பாதியைச் செரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். ஜமால் பாய் ஒருவர்தான் சுத்தம். அறுத்த முறை தெரியாமல் தொடமாட்டேன் என்று மீன் குழம்போடு நிறுத்திக்கொண்டார். அதற்கு அவரை என்னமாய்க் கேலி பண்ணினார்கள். "பாய், நீங்க கோட்டை விட்டுட்டீங்க, சொர்க்கம் இங்கே தட்டுல இருக்கு" என்றார் அருள்மொழி. "இருக்கட்டும் டாக்டரே, எனக்கு அந்தச் சொர்க்கம் போதும், அங்கே பல் விளக்கத் தேவையில்லையாம்" என்றார் பாய். இப்போது பீரங்கி மாதிரி காமிராவை மடியில் வைத்துக்கொண்டு பூநாரைக்காகக் காத்திருக்கிறார். அவர் பக்கம் போய் உட்கார்ந்துகொள்ளலாமா என்று இருந்தது அவளுக்கு. அவர் மூச்சில் மட்டும் அந்த வாசம் இருக்காது.

வீட்டுக்காரருக்குத் தெரியுமா? இதுதான். நாக்கு பல்லிடுக்குக்குப் போவதுபோல நெஞ்சு இந்த இடத்துக்குத்தான் போய்ப் போய் முட்டியது. அவர் முன்னால் நின்றுகொண்டிருந்தார், முக்காலியில் பொருத்தின டெலஸ்கோப்பில் ஒரு கண்ணை வைத்து, இன்னொரு கண்ணை இடுக்கிக்கொண்டு. பின்கழுத்து தெரிந்தது. வெயிலில் கறுத்து, வரி வரியாய். முப்பத்தைந்து வருஷமாகப் பார்க்கிற கழுத்து. தெரியாது, எப்படித் தெரியும், கடைக்காரி காடை என்று சொன்னாள், இவரும் காடை என்று நம்பினார். ஆனால் இந்தப் பக்கத்து மனுஷர்தானே, பிறந்தது இங்கிருந்து கூப்பிடு தூரத்து ஊரில்தானே, உள்ளான் கறி தின்று வளர்ந்ததை அவரே ஒருதரம் சொல்லியிருக்கிறாரே. அது கல்யாணத்துக்கு முந்தி. அப்புறம் விட்டாச்சு. விட்டது மட்டுமா? ஒரு வருஷம் இந்தக் கரைக்கு அந்தப் பக்கம் எவனோ கட்டியிருந்த வலையில் இரண்டு உள்ளான் தொங்கியதைப் பார்த்து, பாக்கெட்டிலிருந்து பிளேடை எடுத்து வலையைக் கண்டம் துண்டமாக அறுத்தாரே, கையெல்லாம் ரத்தம், கண்ணெல்லாம் தண்ணீர், குழந்தை மாதிரி விம்மினாரே. கழுத்தில் தாலி ஏறின நாளில்கூட அவரிடம் அவ்வளவு ஆசை வந்ததில்லை, அன்றைக்கு வந்தது. இவ்வளவு இளகின மனுஷனையா கட்டியிருக்கிறோம் என்று. அந்த மனுஷருக்குத் தெரிந்திருந்தால் தட்டைத் தூக்கி எறிந்திருப்பார். தெரியாது. சரி. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு தின்றார். அதுதான் இடிக்கிறது. முதல் துண்டை வாயில் வைத்ததும் கண் தானாக மூடியது. மெதுவாக மென்றார். காரம் ஏறிவிட்டது போல என்று தண்ணீரை நகர்த்தி வைத்தாள் அவள். அவர் தண்ணீரைத் தொடவில்லை. காரத்துக்கு மூடின கண் அப்படி இருக்காது. வெளியூர் போய் வெகுநாள் கழித்து வீட்டு வாசப்படியில் கால் வைக்கிறவன் முகம் மாதிரி அல்லவா இருந்தது? தெரியும். தெரியாது. காரம்தான். இல்லை, தெரியும்.

"சார், ராத்திரி வறுவல் கொஞ்சம் காரம் கம்மியா சொல்லுங்க சார்" என்று சுபத்ரா கேட்டாள். "சொல்லிடலாம், சொல்லிடலாம்" என்றார் அவர் கண்ணை எடுக்காமல். ராத்திரிக்கு. கூடையில் கிடந்தது மத்தியானத்துக் கணக்கு. ராத்திரிக்கு எங்கிருந்து வரும்? அஞ்சம்மாள் கடையில் ஐஸ்பெட்டி இல்லையே. இது ஏன் இவ்வளவு நேரம் தோன்றவில்லை என்று நினைத்துத் தலையைத் திருப்பியபோதுதான் அந்த ஆளைப் பார்த்தாள். கரையின் கோடியில், சீமைக்கருவேல நிழலில், சைக்கிளை மரத்தில் சாத்திவிட்டுக் குந்தியிருந்தான். காரியரில் உரச்சாக்கு ஒன்று கயிறு போட்டுக் கட்டியிருந்தது. சாக்கின் வாயில் வலை கட்டுகிற மூங்கில் கழிகள் நீட்டிக்கொண்டிருந்தன. பீடி குடித்தான். சேற்றுவெளியைப் பார்த்தான், இவர்களைப் பார்த்தான், சூரியனைப் பார்த்தான். அவனுக்கு அவசரமில்லை. இவர்கள் எழுந்து போக வேண்டும், அவ்வளவுதான். இவர்கள் போனதும் இறங்குவான். இத்தனை நாழி பைனாகுலரில் பார்த்தார்களே, அதோ அந்தச் சேற்றில் குடுகுடுவென்று ஓடி, நின்று, குத்தி, மறுபடி ஓடுகிற அந்த உள்ளான்கள், அதுகள்தான் ராத்திரிக்கு. காரம் கம்மியாக.

சொல்லிவிடு என்றது மனசு. எழுந்து நின்று, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, மத்தியானம் நாம் தின்றது காடை இல்லை என்று ஒரு வரி. சொன்னால் என்ன ஆகும்? சுபத்ரா வாந்தி எடுப்பாள், டாக்டர் முகம் போகிற போக்கைப் பார்க்கலாம், அதெல்லாம் போகட்டும். எல்லாரும் அவர் பக்கம் திரும்புவார்கள். சார், உங்களுக்குத் தெரியாதா சார்? ஒரு இறகைப் பார்த்தே பேர் சொல்கிறவரே, காலைப் பார்த்தே ஆணா பெண்ணா என்கிறவரே. தெரியாது என்று அவர் சொல்வார். அந்தத் தெரியாது மெய்யா பொய்யா என்று அவர்களுக்குப் புரியாது. அவளுக்குப் புரிந்துவிடும். அதுதான் பயம். மற்றவர்களுக்கு ஒரு வாய்ச் சோறு கெட்டுப்போகும், வீட்டுக்குப் போய் வாய் கொப்புளித்தால் சரியாகிவிடும். அவளுக்கு அந்தக் கழுத்தோடு வீட்டுக்குப் போக வேண்டும். அதே வேனில், அதே வாசப்படியில், அதே பாயில். பையன் ஓசூரில் வேலை கிடைத்துப் போனபிறகு அந்த வீட்டில் பேச்சே இல்லாமல் கிடந்த வருஷங்கள் உண்டு. சோறு வைக்கவா, வையி. கரண்டு போயிடுச்சு, ஆமா. அவ்வளவுதான். ஓய்வான புதுசில் எங்கிருந்தோ ஒரு பழைய பைனாகுலர் வாங்கி வந்து, மொட்டைமாடிக்குக் கூட்டிப்போய், அவள் முகவாயைப் பிடித்துத் திருப்பி, "அந்தத் தென்னையில பாரு, அவசரப்படாதே, கண்ணு தானா புடிச்சுக்கும்" என்றார். கல்யாணமான புதுசில்கூட முகவாயைத் தொட்டதில்லை அந்த மனுஷர். பச்சையும் நீலமுமாய் ஏதோ ஒன்று கண்ணுக்குள் வந்து உட்கார்ந்தது. அன்றிலிருந்து பேச்சு வந்தது. அது என்ன, இது என்ன, வாலைப் பார்த்தியா, குரலைக் கேட்டியா. அவர்களுக்குள் இருக்கிற பேச்சு முழுக்கப் பறவைப் பேச்சுதான். அதில் கை வைத்தால் மறுபடி சோறு வைக்கவா, வையி. அதனால் அவருக்குத் தெரியாது என்றே வைத்துக்கொள்ளலாம். ராத்திரி வயிறு சரியில்லை என்று படுத்துக்கொண்டால் தீர்ந்தது. தீருமா? அதுகள் அங்கே ஓடிக்கொண்டிருக்கின்றன. அவன் அங்கே குந்தியிருக்கிறான். நாக்கு பல்லிடுக்குக்குப் போனது.

"தையலு, இங்க வா, சீக்கிரம் வா" என்று அவர் கையை ஆட்டிக் கூப்பிட்டார். "கிட்டக்க வந்துருக்கு பாரு, பவளக்கால். வெயிலு சரியா கால்மேல விழுவுது." எழுந்தாள். முழங்கால் சொடுக்கியது. போய்க் குனிந்து கண்ணை வைத்தாள். வட்டத்துக்குள் சேறு பளபளத்தது. அதன் நடுவில் இரண்டு கால்கள். செம்மஞ்சளாய், ஈரமாய், ஒன்றை எடுத்து வைத்து, இன்னொன்றை எடுத்து வைத்து. உடம்பு எங்கே என்று தேடாமல் கால்களையே பார்த்தாள். அவர் மூச்சு காதோரத்தில் பட்டது. பூண்டு. கண்ணை எடுக்காமலே, தொண்டைக்குள்ளேயே கேட்டாள்.

"மத்தியானம் நாம தின்னது இதுதானே?"

அவள் பார்ப்பதற்குத் தோதாக டெலஸ்கோப்பின் திருகை ஒரு நூல் திருப்பிவிட்டார். அப்புறம், "மெள்ளப் பேசு" என்றார்.

மெள்ளப் பேசு. அது போதும். என்ன உளர்றே என்றில்லை, யார் சொன்னா என்றில்லை. மெள்ளப் பேசு. வட்டத்துக்குள் கால்கள் நின்றுவிட்டன. அலகு சேற்றில் இறங்கியது.

"தெரிஞ்சுதான் தின்னீங்களா?"

"வாயில வைக்கறவரைக்கும் தெரியாது. வச்சதும் தெரிஞ்சுபோச்சு." திருகை இன்னும் ஒரு நூல் திருப்பினார். "நாப்பது வருசம் ஆச்சு தையலு. அந்த ருசிய நாக்கு மறக்கவே இல்லை. துப்பணும்னுதான் நினைச்சேன். சத்தியமா. எல்லாரும் என் வாயையே பாத்துட்டிருக்காங்க. எப்படித் துப்புறது?"

"மத்தியானம் முடியலை, சரி. ராத்திரிக்கு ஏன் சொன்னீங்க?"

"அவங்கதானே கேட்டாங்க. வேணாம்னா என்ன காரணம் சொல்றது?"

"காரணத்தையே சொல்றது."

"சொல்லிட்டு? அடுத்த வருசம் எவன் வருவான் என்கூட?" பின்னால் ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டு, இன்னும் தாழ்ந்த குரலில், "நீ மட்டும் என்ன, ரெண்டாவது தட்டு கேட்டு வாங்கித்தானே சாப்பிட்டே?" என்றார்.

கண்ணை டெலஸ்கோப்பிலிருந்து எடுத்து அவர் முகத்தைப் பார்த்தாள். மீசையில் ஓரத்து நரை, அதற்குக் கீழே எண்ணெய் பளபளக்கிற உதடு. கெஞ்சுகிற கண். டிரில் வாத்தியாருக்கு அந்தக் கண் பொருந்தவே இல்லை. அவளுக்கு அறைய வேண்டும் போலவும் இருந்தது, அந்த உதட்டைத் துடைத்துவிட வேண்டும் போலவும் இருந்தது. "சரி, விடு, கோவப்படாதே. ராத்திரிக்கு வேணாம்னு நானே சொல்லிடறேன். போற வழியில கடையில நிறுத்திச் சொல்லிடறேன். போதுமா?" என்றார். போதுமா என்றால்? போதும் என்றே பட்டது, என்ன செய்ய. நாற்பது வருஷத்துக்கப்புறம் வாயில் விழுந்த ருசி. பசித்த நாக்குக்கு என்ன தெரியும், அவள் நாக்குக்கும்தான் என்ன தெரிந்தது? ஒருதரம் சறுக்கிவிட்டார், எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள், துப்ப முடியவில்லை. அதை அவள் கேட்டதும் மறைக்காமல் சொல்லிவிட்டார். மறைக்காதவரோடு வீட்டுக்குப் போகலாம். அருவருப்பு போய்விடவில்லை, வயிற்றில் அப்படியேதான் இருந்தது, ஆனால் அதற்கு ஒரு கரை தெரிந்தது. எந்த நேரத்தில் என்று தெரியவில்லை, பல்லிடுக்கில் இருந்தது தானாகக் கழன்று போயிருந்தது. விழுங்கியும்விட்டாள் போலிருக்கிறது.

வெளிச்சம் மஞ்சளாகி, தண்ணீர்மேல் படுத்துவிட்டது. டிரைவர் ஹாரன் அடித்தார். தார்ப்பாயை உதறினார்கள், முக்காலியை மடக்கினார்கள், ஜமால் பாய் காமிராவைக் கைக்குழந்தை மாதிரி துணியில் சுற்றினார். ஒவ்வொருவராய் வேனுக்கு நடந்தார்கள். அவர் கடையில் போய்ச் சொல்வதற்குள் இந்த ஆள் சேற்றில் இறங்கிவிடுவானே என்று தையலுக்குப் பட்டது. இங்கேயே ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் ஆயிற்று. "நீங்க ஏறுங்க, இதோ வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டுக் கருவேல மரத்தைப் பார்த்து நடந்தாள். ஒதுங்கப் போகிறாள் என்று நினைத்து எல்லாரும் மரியாதையாக முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவன் பீடியைத் தரையில் தேய்த்துவிட்டு எழுந்து நின்றான். நடுவயசு ஆள், முழங்கால்வரை காய்ந்த சேறு.

"அஞ்சம்மா கடைக்குத்தானே பிடிக்கிற?"

அவன் முழித்தான். "நான் மீனுக்கு வந்தவம்மா."

"பயப்படாதே. நான் வாத்தியார் வீட்டு அம்மா."

"அட!" முகம் மலர்ந்துவிட்டது அவனுக்கு. "வாத்தியாரு வீட்டம்மாவா நீங்க? அவரு வீட்டுல கவிச்சியே ஆவாதும்பாரு. நான் ஐயிருவீட்டு அம்மா மாதிரி இருப்பீங்கன்னுல்ல நினைச்சிருந்தேன்!"

"ராத்திரிக்கு வேணாம்னு சொல்லச் சொன்னாரு."

"வேணாங்குறாரா?" அவன் சிரித்தான். "என்னம்மா இது புதுசா? வருசா வருசம் தை பொறந்தா அவரு வாங்காம இருந்ததே இல்லையே. விடியுறதுக்குள்ள வந்துடுவாரு. அஞ்சம்மா அண்ணி சுட்டுக் குடுக்கும். நின்னவாக்குல தின்னுட்டு, கிராம்ப வாயில போட்டுக்கிட்டுப் போவாரு. இந்த வருசம்தான் கூட்டத்தோட வந்து இலை போட்டுத் தின்னுருக்காரு, அண்ணி சொல்லிச்சு. அதுக்குள்ள என்ன, வயிறு கெட்டுடுச்சா?"

விடியற்காலைகள். ஒவ்வொரு பயணத்திலும் லாட்ஜில் அவள் போர்த்திப் படுத்திருக்கையில் அவர் சத்தம் போடாமல் எழுந்து போவார். நீ தூங்கு, பனி, நான் ஒரு சுத்து பாத்துட்டு வந்துடறேன். திரும்பி வந்து கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, இன்னிக்கு என்ன பாத்தேன் தெரியுமா என்று ஆரம்பிப்பார். அவள் தூக்கம் கலையாத கண்ணோடு அவர் மடியில் தலையை நகர்த்தி வைத்துக்கொண்டு கேட்பாள். உள்ளான் கூட்டம் ஒண்ணு, தையலு, திரும்பறப்ப ஒரே வெள்ளையா மின்னுது. கிராம்பு மணக்கும். குளிருக்குப் போட்டிருக்கிறார் என்று நினைப்பாள். அந்த வாயிலிருந்துதான் அந்தப் பேரெல்லாம் வந்தது. அந்த மணத்தை மோந்துகொண்டுதான் பேசாத வருஷங்களை எல்லாம் மன்னித்தாள். சற்று முன்னால் மறுபடி மன்னித்தாளே, அதுதான் தாங்கவில்லை, அந்த நாற்பது வருஷப் பொய்யை ஒரு கவளம் மாதிரி நீட்டினார், அவளும் வாயைத் திறந்தாள்.

"அப்ப வலையை அறுத்தாரே ஒருதரம்?" என்று கேட்டது அவள் வாயா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது.

"அது மேலக்கரை ஆளுங்க வலைம்மா. நம்ம வலைமேல அவரு கை வைப்பாரா?" என்றான் அவன், வாத்தியாரை விட்டுக்கொடுக்காமல்.

வாந்தி வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. வராதது இன்னும் அசிங்கமாக இருந்தது. தூரத்தில் வேனுக்குள் லைட் போட்டிருந்தார்கள், கண்ணாடிப் பெட்டியில் வைத்த பொம்மைகள் மாதிரி எல்லாரும் தெரிந்தார்கள். ஹாரன் மறுபடி அடித்தது. "தையலு, நேரமாவுது" என்று அவர் குரல், டிரில் குரல், தெளிவாக வந்தது.

"அந்த வலையை எடு" என்றாள்.

"எதுக்கும்மா?"

"வாத்தியார் கேக்குறாரு."

அவன் மேற்கொண்டு ஒரு கேள்வியும் கேட்கவில்லை. வாத்தியார் கேட்டால் காரணம் இருக்கும். கயிற்றை அவிழ்த்து, சாக்கிலிருந்து வலையை உருவி, பந்தாகச் சுருட்டி, இரண்டு கையாலும் கொடுத்தான். ஒன்றும் கனமில்லை. மெல்லிய நைலான், காலையில் நனைந்த ஈரம் இன்னும் போகவில்லை. கண்ணிகளில் இறகுகள் ஒட்டியிருந்தன, எங்கேயோ ஒரு இடத்தில் பிசுபிசுத்தது. மார்போடு அணைத்துத்தான் தூக்க வேண்டியிருந்தது. சேற்று நாற்றமும் ரத்தக் கவிச்சியும் நேராக மூக்கில் ஏறியது. அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. கரை மேட்டில் கால் சறுக்கச் சறுக்க நடந்தாள்.

வேன் கதவு திறந்திருந்தது. அவர் வழக்கம்போல் வாசலோரச் சீட்டில் உட்கார்ந்து, அவள் ஏறுவதற்குக் கையை நீட்டினார். அவள் அந்தக் கையைப் பிடிக்கவில்லை. படியில் ஏறி நின்று, வலையை அவர் மடியில் போட்டாள். அது சுருள் பிரிந்து முழங்காலில் வழிந்து செருப்பு வரைக்கும் தொங்கியது. அவர் நீட்டின கை நீட்டினபடியே இருந்தது. பேச்சு ஒவ்வொரு சீட்டாக அடங்கியது. ஜமால் பாய் எட்டிப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். டாக்டர் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"என்ன சார் அது?" என்று கேட்டாள் சுபத்ரா. இன்னும் எதையோ அழகாகப் பார்க்கப்போகிற குரல்.

அவர் தையலைப் பார்த்தார். அவள் கதவை உள்ளே இழுத்துச் சாத்தினாள்.

"கேக்குறால்ல," என்றாள். "சொல்லுங்க."